முட்டுக்கட்டை போடுகிறவர்

நம்முடைய பாஷையில் சில வார்த்தைகளுக்கு நாமே பெரிய அநீதி செய்துவிட்டோம். அவற்றில் ஒன்று 'முட்டுக்கட்டை'.

கல்யாணப் பேச்சு மும்முரமாக நடக்கும்போது சித்தப்பா ஒருவர் குறுக்கே ஏதாவது கேட்டுவிட்டால், "எல்லாம் கூடி வருகிற சமயத்தில் முட்டுக்கட்டை போடுகிறாரே!" என்கிறோம். ஆபீஸில் ஒரு குமாஸ்தா காகிதத்தை மேலே அனுப்பாமல் சந்தேகம் கேட்டுத் திருப்பினால் அவருக்கும் அதே பட்டம்தான். முட்டுக்கட்டை என்றாலே நல்ல காரியத்தைக் கெடுப்பது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு விட்டோம்.

ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் அசல் பொருள் தெரியும். வடம் பிடித்து இழுக்க ஊரே திரண்டு நிற்கும். மேளமும் கோஷமும் வானைப் பிளக்கும். அந்தக் கும்மாளத்துக்கு நடுவே, தேர்ச் சக்கரத்தை ஒட்டினாற்போல், கையில் கட்டையுடன் குனிந்தபடியே சில பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் மேலே சுவாமியின் மீதுதான் இருக்கும். தேர் திரும்ப வேண்டிய மூலையில் திரும்புவதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும், கூட்டத்தின் மேல் ஏறாமல் இருப்பதும் அந்தக் கட்டைகளால்தான். திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்களின் வேலை போய்விடவில்லை.

நான் சொல்ல வந்தது தேரைப் பற்றி அல்ல. ஆகாய விமானத்தைப் பற்றி. அங்கேயும் முட்டுக்கட்டை உண்டு. விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒருவர் கட்டை வைக்கிறாரே, அது தேர் முட்டுக்கட்டைக்குத் தம்பி முறை. அதைத் தவிர, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு முட்டுக்கட்டையும் அங்கே இருக்கிறது. அதுதான் நம்முடைய உயிரைக் காப்பாற்றுகிறது.

இதென்ன, சக்கரத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிப் போய்விடாது. பத்து நிமிஷம் பொறுங்கள்.

காலைப் பார்த்தீர்களா?

மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிற குடியானவர் முதலில் காலைத்தான் பார்ப்பார். கொம்பும் திமிலும் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும், கால் சரியில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். விமானத்தில் ஏறுகிற நாம் ஜன்னலோர இடத்தைப் பார்க்கிறோம், இறக்கையைப் பார்க்கிறோம். காலைப் பார்ப்பவர் யாராவது உண்டா?

அந்தக் கால் படுகிற பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து டில்லிக்குப் போகிற நடுத்தர விமானம், ஜனங்களும் மூட்டை முடிச்சுமாகத் தரையிறங்கும்போது ஏறக்குறைய 60 டன் கனம் இருக்கும். வேகமோ மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். அதுவரை சுழலாமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்த சக்கரம், தரையைத் தொட்ட கணத்தில் அந்த வேகத்துக்குச் சுழல வேண்டும். அப்போது டயர் தேய்ந்து எழுகிற புகையைத்தான் நாம் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறோம். இவ்வளவையும் தாங்குவதற்கு மூக்குக்குக் கீழே இரண்டு, இரு பக்கமும் இரண்டிரண்டு என்று மொத்தம் ஆறே சக்கரங்கள். போயிங் 747 போன்ற ராட்சசனுக்கு 18. அதற்கும் அண்ணனான ஏர்பஸ் ஏ380-க்கு 22.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் விமானப் பராமரிப்பு இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். "பெயரைப் போடாதீர்கள், தம்பி. வேலையைப் பற்றி எழுதினால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகையால் அவரை 'இன்ஜினீயர்' என்றே குறிப்பிடுகிறேன்.

"இவரிடம் சக்கரத்தைப் பற்றியா கேட்க வந்தீர்கள்?" என்று அவருடைய மனைவி காபி டம்ளரை வைத்தபடியே சிரித்தார். "பேரனுடைய மூன்று சக்கர சைக்கிளைக்கூடத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் ஓட்ட விடுவார்!"

கண்ணைத் திறந்த பிரதட்சிணம்

"ஒவ்வொரு தடவை விமானம் புறப்படும் முன்பும் யாராவது ஒருவர் அதைச் சுற்றி வந்து பார்த்தாக வேண்டும்" என்று ஆரம்பித்தார் இன்ஜினீயர். "கோயில் பிரதட்சிணம் மாதிரிதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பிரதட்சிணம் அல்ல."

அந்தப் பிரதட்சிணத்தில் என்ன பார்க்கிறார்கள்?

விமானத்தின் காலில் பளபளவென்று ஒரு எஃகுத் தண்டு தெரியும். காபி டம்ளருக்குள் இன்னொரு சின்ன டம்ளரைத் தலைகீழாக இறக்கினாற்போல, ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்ளே எண்ணெயும் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயுவும் இருக்கின்றன. தரையில் மோதுகிற அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இவைதாம். வெளியே தெரிகிற தண்டு எத்தனை அங்குலம் என்று கவனிக்க வேண்டும். நீளம் குறைந்திருந்தால் உள்ளே வாயுவோ எண்ணெயோ போதவில்லை என்று அர்த்தம். அந்தத் தண்டில் படிந்த தூசியைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணல் பொடி போதும், உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தைக் கிழித்து எண்ணெயை ஒழுகவிட்டுவிடும்.

அடுத்தது பிரேக். ஒவ்வொரு பிரேக்கிலும் சிறு ஆணி போல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அந்த ஆணி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மட்டத்துக்கு வந்துவிட்டால் பிரேக்கின் ஆயுள் முடிந்தது, மாற்ற வேண்டியதுதான். பிறகு எண்ணெய்க் குழாய்கள் எங்காவது கசிகின்றனவா, எதிலாவது உரசுகின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது.

எல்லாவற்றிலும் முக்கியம் டயர். நம் கார் டயரில் சதுர அங்குலத்துக்கு 30, 35 பவுண்டு அழுத்தம் இருக்கும். விமான டயரில் சுமார் 200 பவுண்டு! ஒரு நாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை தானாகக் குறைவதுண்டு, அது சகஜம். ஆகவேதான் தினமும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அதுவும் டயர் ஆறிய பிறகு. சூடாக இருக்கும்போது அளந்தால் அழுத்தம் அதிகமாகக் காட்டி ஏமாற்றிவிடும்.

"மீட்டர் எதற்கு? காற்று குறைந்தால் பார்த்தாலே தெரியாதா, சார்?" என்று கேட்டேன்.

"சைக்கிளில் தெரியும். இங்கே தெரியாது. விமானத்தில் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. ஒன்று தளர்ந்தால் பக்கத்து டயர் அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கி நிற்கும். தளர்ந்த டயர் சப்பையாகாமல் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். கஷ்டத்தை வெளியே காட்டாமல் குடும்பத்தைத் தாங்குகிற அண்ணன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எவ்வளவு நாள் தாங்குவான்?"

தரையிறங்கிய விமானத்தின் பிரேக் சில சமயம் தணலாகக் கொதிக்கும். அப்போது சக்கரத்தைப் பக்கவாட்டில் நெருங்கக் கூடாது. முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் போக வேண்டும். சக்கரம் வெடித்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் சீறும். இந்த அபாயத்துக்கும் ஒரு யுக்தி செய்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரில், சூடு அளவுக்கு மீறினால் உருகி வழிவிடுகிற சேஃப்டி வால்வு இருக்கிறதல்லவா? அதே தத்துவம்தான். சக்கரத்திலும் உருகும் அடைப்பான்கள் உண்டு. அவை உருகி, வாயுவை வெடிக்காமல் வெளியேற்றிவிடும்.

இவை அன்றாடப் பரிசோதனைகள். பெரும்பாலான விமானங்களில், ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு முறை, காலையே முழுசாகக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, எஃகைக் காந்தமாக்கி, ஒளிரும் இரும்புத் துகள் கலந்த திரவத்தை அதன்மேல் ஊற்றி, இருட்டறையில் ஊதாக் கதிர் விளக்கால் பார்ப்பார்கள். தலைமயிர் கனம்கூட இல்லாத விரிசல் இருந்தாலும் துகள்கள் அங்கே கூடிக்கொண்டு பச்சைக் கோடாக மின்னும். மனிதர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பதைவிடக் கடுமையான பரீட்சை!

காற்றுக்குப் பதில் நைட்ரஜன்

டயரில் ஏன் நைட்ரஜன்? சாதாரணக் காற்று ஆகாதா? இதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது.

1986-ம் வருஷம் மார்ச் 31-ந் தேதி மெக்ஸிகோ நகரிலிருந்து ஒரு போயிங் 727 விமானம் புறப்பட்டது. ஒரு பிரேக் சரியாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருந்ததால் சக்கரம் கொதித்துவிட்டது. அந்தக் கொதிப்போடு அது வயிற்றுக்குள் மடங்கிக்கொண்டது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்றை அடைத்திருந்தார்கள். காற்றில் பிராணவாயு உண்டல்லவா? சூட்டில் ரப்பரிலிருந்து எழுந்த ஆவியோடு அது சேர்ந்து, விமானம் ஆகாயத்தில் இருக்கும்போதே டயர் வெடித்தது. விமானத்திலிருந்த 167 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம், டயர்களில் நைட்ரஜன்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள்.

சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட விதிகள் பலவும் இப்படித்தான் பிறந்தன. விதி என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அதை எழுதிய மை வேறு.

ஜெட்டாவில் ஒரு காலை

விதி இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போனதற்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். இது கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டியது.

1991-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி. ஹஜ் யாத்திரையை முடித்துக்கொண்ட நைஜீரியா தேசத்தவர் 247 பேர், சவூதி அரேபியாவின் ஜெட்டா விமான நிலையத்தில், ஊர் திரும்பும் சந்தோஷத்தோடு விமானத்தில் ஏறினார்கள். ஒரு கனடா தேசத்துக் கம்பெனியிடமிருந்து வாடகைக்கு எடுத்த டிசி-8 விமானம் அது. சிப்பந்திகள் 14 பேர்.

அதன் இடது பக்கக் காலில் ஒரு டயர் தளர்ந்திருந்தது. யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல அது, மெக்கானிக்குகளுக்குத் தெரியும். நைட்ரஜன் அடைக்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நைட்ரஜன் கைவசம் இல்லை. அதற்காகக் காத்திருந்தால் விமானம் தாமதமாகும். தாமதம் கூடாது என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். விமானம் கிளம்பிவிட்டது.

தளர்ந்த டயரின் பாரத்தையும் அதன் ஜோடி டயர் சேர்த்துச் சுமந்தது. இன்ஜினீயர் சொன்ன அந்த அண்ணன்தான். ஓடுபாதையில் ஓடும்போதே அது நாசமாயிற்று. பிறகு தளர்ந்த டயரும் போயிற்று. சுழலாத சக்கரம் தரையில் தேய்ந்த உராய்வில் தீப்பிடித்துக்கொண்டது. விமானிகளுக்கு அது தெரிய வழியில்லை. வழக்கம்போல் மேலே எழும்பியதும் சக்கரங்களை உள்ளே மடக்கினார்கள். தீயும் கூடவே உள்ளே போயிற்று. திரும்பி வந்து இறங்கப் பார்த்தார்கள், ஓடுபாதையை எட்டவில்லை. சுமார் பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 261 பேரும் மாண்டார்கள்.

அன்று காலை யாராவது ஒருவர் முட்டுக்கட்டை போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? சில மணி நேரம் அந்த யாத்ரிகர்கள் வெக்கையில் காத்திருப்பார்கள். முணுமுணுத்திருப்பார்கள். ஊருக்குப் போய், "மகா மட்டமான விமானம்! உட்கார வைத்துக் கொன்றுவிட்டார்கள்!" என்று பேரன் பேத்திகளிடம் குறை சொல்லியிருப்பார்கள். ஆம், குறை சொல்ல அவர்கள் இருந்திருப்பார்கள்.

ஒரு சொட்டு எண்ணெய்

"நீங்கள் எப்போதாவது விமானத்தை நிறுத்தியிருக்கிறீர்களா, சார்?" என்று இன்ஜினீயரிடம் கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பல தடவை. ஒன்று மட்டும் மறக்கவில்லை. எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். விடியற்காலை விமானம். சுற்றி வரும்போது சக்கரத்துக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு சொட்டு எண்ணெய். துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். மறுபடியும் ஒரு சொட்டு. மேலே பார்த்தால் பிரேக்குக்குப் போகிற குழாய் ஒன்று இரும்பில் உரசி, மேல் தோல் போயிருந்தது. மாற்றுக் குழாய் அடுத்த விமானத்தில்தான் வர வேண்டும். நாலு மணி நேரமாகும்."

"ஜனங்கள் சத்தம் போட்டார்களா?"

"போட்டார்கள். அது பழக்கம்தான். கவுண்டரில் இருந்த பையன் சமாளிக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். போனேன். ஒருவர் மட்டும் சத்தம் போடவில்லை. அம்மா காலமாகிவிட்டாள், காரியம் செய்யப் போகிறார். 'ஒரு சொட்டு எண்ணெய்க்காகவா, சார், நிறுத்துகிறீர்கள்?' என்று கை கூப்பிக் கேட்டார். என்ன பதில் சொல்வது? 'என்னால் கையெழுத்துப் போட முடியாது, ஐயா' என்றேன். அவர் போய்ச் சேர்ந்தபோது அம்மா முகத்தைப் பார்க்க முடிந்ததோ, இல்லையோ. இன்று வரை எனக்குத் தெரியாது."

எனக்கும் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனாலும் பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்கவில்லை. "அந்தக் குழாய் அன்றைக்கு வெடித்திருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது, தம்பி. இன்னும் நூறு தடவைகூடத் தாங்கியிருக்கலாம்."

"அப்படியானால்..?"

"அதனால்தான் நிறுத்தினேன். தாங்குமா, தாங்காதா என்று தெரியவில்லை. தெரியாத ஒன்றின் மேல் நூற்றைம்பது பேரை ஏற்றி அனுப்பக் கூடாது. அதற்குத்தான் எனக்கு லைசென்ஸ் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள்."

வாசகர்களே, இந்தத் தொழிலின் கஷ்டம் இதுதான். நோயைக் குணப்படுத்திய டாக்டரைக் கும்பிடுகிறோம். தீயை அணைத்தவருக்கு மாலை போடுகிறோம். ஆனால் நடக்காமல் போன விபத்துக்கு அத்தாட்சி ஏது? அதைத் தடுத்தவருக்கே தாம் தடுத்தது தெரியாது. கிடைப்பதெல்லாம் வசவுதான். கல்யாணப் பேச்சில் குறுக்கே கேள்வி கேட்ட அந்தச் சித்தப்பாகூட, எதையாவது பார்த்துவிட்டுத்தான் கேட்டாரோ என்னவோ!

பக்கத்துத் துவாரம்

முட்டுக்கட்டை போட்டால் மட்டும் போதாது. சரியான இடத்தில் போட வேண்டும். தேரில் ஒரு சாண் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்?

2021-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அப்படி ஒன்று நடந்தது. நின்றுகொண்டிருந்த போயிங் 787 ஒன்றில் ஒரு பழுதைச் சரிபார்ப்பதற்காக, சக்கரத்தை மடக்கும் நெம்புகோலை இயக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது கால்கள் நிஜமாகவே மடங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக ஒவ்வொரு காலிலும் பூட்டு ஊசி ஒன்றைச் செருகுவார்கள். பறக்கும் முன் கழற்ற மறக்காமலிருக்க அதில் சிவப்பு நாடா தொங்கும். மூக்குக் காலில் ஊசி செருக வேண்டிய துவாரம் தலைமை மெக்கானிக்கின் உயரத்துக்கு எட்டவில்லை. அவர் கையால் சுட்டிக்காட்ட, இன்னொருவர் ஏணியில் ஏறிச் செருகினார். அருகருகே இரண்டு துவாரங்கள். ஊசி போனது பக்கத்துத் துவாரத்தில். நெம்புகோலை இயக்கியதும் மூக்குக் கால் மடங்கி, அவ்வளவு பெரிய விமானம் மூக்கடிபட்டுத் தரையில் விழுந்தது. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தவறான துவாரத்தை அடைத்துவிட வேண்டும் என்று உத்தரவு முன்னமேயே பிறந்திருந்தது. நிறைவேற்ற இன்னும் அவகாசம் இருந்ததால் அந்த விமானத்தில் அடைக்கவில்லை! 'அவகாசம் இருக்கிறது' என்பதும் சில சமயம் அபாயமான வார்த்தைதான்.

நம் பங்கு

இதெல்லாம் எங்கேயோ அயல் நாட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2024-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது நினைவிருக்கும். கால்களை இயக்குவதும் அந்த ஹைட்ராலிக் எண்ணெயின் வேலைதான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது திருச்சி வானத்திலேயே வட்டமிட்டது. கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் வரிசை கட்டி நின்றன. டெலிவிஷன் முன்னால் தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் விமானம் பத்திரமாக இறங்கியது. ஜனங்கள் விமானிகளை வாயார வாழ்த்தினார்கள். வாழ்த்த வேண்டியதுதான்.

எண்ணெய் அடியோடு கைவிட்டாலும் கால்களை இறக்குவதற்கு மாற்று வழி வைத்திருக்கிறார்கள். பல விமானங்களில் பூட்டை மட்டும் விடுவித்தால் போதும். கால்கள் தங்கள் கனத்தாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பூட்டும் கீலும் துருவேறாமல், தூசி அடையாமல் இருந்தால்தானே? அதை எண்ணெயிட்டு, துடைத்து, அசைத்துப் பார்த்து வைக்கிற ஒருவர் எங்கோ ஒரு விமான நிலையத்தில் இருக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, நாமெல்லாம் தூங்கும்போது, கையில் டார்ச்சுடன் சக்கரத்துக்கடியில் மல்லாந்து கிடக்கிறார்.

அவருக்கு நாம் மாலை போட வேண்டாம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அவரை அவசரப்படுத்துவது யார்? மானேஜர் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மானேஜரை அவசரப்படுத்துவது யார்? கம்பெனி. கம்பெனியை? கவுண்டருக்கு முன்னால் நின்று மேஜையைத் தட்டுகிறோமே, அந்த நாம்தான்! வடம் பிடிப்பவர்கள் எல்லாரும் "இழு, இழு" என்று கத்திக்கொண்டிருந்தால், கட்டை போடுகிறவருடைய குரல் யார் காதில் விழும்?

'தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் தாமதம்' என்று அடுத்த தடவை அறிவிப்பு வரும்போது, காபி கேளுங்கள்; சாப்பாடு கேளுங்கள்; காரணத்தையும் கேளுங்கள்; தேவைப்பட்டால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அதற்கெல்லாம் உங்களுக்குப் பாத்தியதை உண்டு. "பரவாயில்லை, சும்மா எடுங்கள், போகலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. அது சக்கரத்துக்கடியில் கிடக்கிறவருடைய கையெழுத்தில் இருக்கிறது.